ஓசைப்படாத வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்

நைனிதால் என்றதும் வட இந்தியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறையும், காட்கோதாம் வரை செல்லும் இரயிலும், ஏரியிலே மிதக்கும் படகுகளும் நினைவுக்கு வரும். இராம்நகர் என்றதும் புலிக்காடு நினைவுக்கு வரும். அந்தப் புலிக்காட்டுக்குத் தம் பெயரைத் தந்து சென்ற ஜிம் கார்பெட் ஒரு வேட்டைக்காரர் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஆனால் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரயில்வே சரக்கு மேடையில் வியர்வை சிந்தியவர் என்பதைப் பெரியவர்களிலும் சிலரே அறிவர். அவர் உழைத்த வங்காள வடமேற்கு இரயில்வேதான், பல மாறுதல்களுக்குப் பின், 1952-ஆம் ஆண்டில் வடகிழக்கு இரயில்வேயின் ஒரு பகுதியாயிற்று. ஆகவே அவர் ஒரு வகையில் நம் காலனியைச் சேர்ந்தவரே. ஆண்டு விழா மலரில் அவருடைய வரலாற்றைச் சொல்ல நமக்கு அந்த உறவு ஒன்றே போதும்.

ஆட்கொல்லிப் புலிகளை அவர் வென்ற கதைகள் உலகறிந்தவை. அவற்றை அடுக்குவது நம் நோக்கமன்று. அவர் கையில் இருந்த சிறு ஆயுதங்களைப் பற்றியும், அவற்றைக் கொண்டு அவர் ஆடிய சிறு வேட்டையைப் பற்றியும் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறோம். பெருந் துப்பாக்கியும் யானைப் பரிவாரமும் கொண்டு காடு புகுந்தோர் அந்நாளில் ஆயிரம் பேர். அவர்கள் பெயர்கள் மறைந்தன. உண்டிகோலும் உடைந்த துப்பாக்கியுமாகக் காடு புகுந்த ஓர் ஏழைச் சிறுவன் பெயர் நின்றது. அதன் காரணத்தை ஆராய்ந்தால் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

பிறப்பும் வறுமையும்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்டோபர் வில்லியம் அவ்வூர்த் தபால் நிலையத் தலைவர். தாயார் மேரி ஜேன். பிள்ளைகள் பலர். வெள்ளையர் குடும்பம் என்றவுடன் செல்வக் குடும்பம் என்று எண்ணிவிடலாகாது. ஆட்சியில் உயர்ந்த பதவி வகித்த ஆங்கிலேயருக்கும், இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து சிறு வேலை பார்த்த வெள்ளையருக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. 1881-ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். மூத்தவரான டாம் தபால் நிலையப் பொறுப்பை ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி என்று அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கி வீட்டின் வேலியைத் தாண்டினால் காடு. காட்டுக்கோழி, மயில், கௌதாரி, புள்ளிமான், கேளையாடு, அவற்றைத் தேடி வரும் சிறுத்தை, வேங்கை என எல்லாம் கூப்பிடு தூரத்தில். இக்காட்டிலேதான் ஜிம்முக்குப் பள்ளிக்கூடம் அமைந்தது. நைனிதாலில் அவர் படித்த பள்ளிகளைவிட இப்பள்ளியே அவரை உருவாக்கியது என்றால் மிகையாகாது.

உண்டிகோல் முதல் உடைந்த துப்பாக்கி வரை

சிறுவயதில் ஜிம்மை நுரையீரல் காய்ச்சல் வாட்டியது. தேறி வரும் நாளில் அண்ணன் டாம் தம்பிக்கு ஓர் உண்டிகோல் கொடுத்தார். கவைக் கொம்பு, இரண்டு இரப்பர்த் துண்டு, சிறு தோல், இவ்வளவே. நம் ஊர்ப் பிள்ளைகள் மாந்தோப்பில் திரிந்த காலத்தில் இடுப்பில் செருகியிருந்த அதே பொருள்தான். இதுவே உலகப் புகழ்பெற்ற வேட்டைக்காரரின் முதல் ஆயுதம்.

உண்டிகோலுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு வெடியோசை இல்லை. துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் சுற்றியுள்ள காடு நெடுநேரம் வாய்மூடிவிடும், பறவைகள் பறந்துவிடும், மான்கள் ஓடி மறையும். உண்டிகோலின் கல் குறி தவறினாலும் காடு தன் வேலையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் வீச்சு குறைவு. பறவையின் அருகே செல்லத் தெரியாதவன் கையில் அது பயனற்ற மரக்கொம்பு. சருகு நொறுங்காமல் கால் வைக்கவும், காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்று அறியவும், அசையாமல் நிற்கவும் ஜிம் கற்றது இக்கருவியின் குறையால்தான். அவருடைய உறவினர் ஸ்டீபன் டீஸ் என்பார் குமாயுன் பறவைகளைப் பற்றி நூல் தொகுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டிய பறவை மாதிரிகளைச் சிறுவன் ஜிம் உண்டிகோலால் வீழ்த்திக் கொணர்ந்து தந்தான்.

உண்டிகோலுக்குப் பின் வந்தது உண்டைவில். இது பார்வைக்கு வில் போன்றது. ஆனால் இரட்டை நாண் கொண்டது. நாண்களின் நடுவே சிறு பட்டை ஒன்றிருக்கும். அதில் சூளையிட்ட களிமண் உருண்டையை வைத்து எய்வர். உண்டிகோலைவிடக் குறி சுத்தமானது, பழகுவது கடினம். நைனிதால் கருவூலத்தைக் காத்து நின்ற கூர்க்காக்கள் இதிலே வல்லவர்கள். அவர்களோடு போட்டியிட்டு எய்து பழகியதைக் கார்பெட் முதுமையிலும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

மூன்றாவதாக வந்தது துப்பாக்கி. பறவை தேடித் தந்த உழைப்புக்கு மெச்சி டீஸ் அளித்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. தோட்டா போடும் வகையன்று. குழல் வாய் வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பான் வைத்துக் கோலால் கெட்டித்து, ரவையை இட்டு, மீண்டும் அடைத்துச் சுட வேண்டிய நாட்டு வகை. அளவுக்கு மிஞ்சி மருந்து கெட்டித்ததால் ஒரு குழல் முன்னமே வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. பிறர் தூக்கி எறிந்திருப்பர். ஜிம்முக்கோ அது கிடைத்தற்கரிய பேறு.

அத்துப்பாக்கியைப் பார்த்துக் குறை சொல்லாமல் மகிழ்ந்தவர் இன்னொருவர் இருந்தார். அவர் குன்வர் சிங். சாந்தனி சௌக் என்னும் சிற்றூரின் தலைவர், தாக்கூர் குலத்தவர், அனுமதியின்றிக் காட்டில் வேட்டையாடுவதில் அப்பகுதியிலேயே பெயர் பெற்றவர். பிளந்த குழலைப் பாராமல் நல்ல குழலைப் பார்த்துப் பாராட்டி, அச்சிறுவனுக்கு வழிகாட்டி ஆனார். காட்டில் தனித்துச் செல்லும் துணிவையும், மரம் ஏறும் வகையையும், புலி சிறுத்தைகளிடம் நடந்துகொள்ளும் முறையையும் அவரிடமே ஜிம் கற்றார்.

ஒரே நல்ல குழல்; ஒரு வெடி வெடித்தால் மீண்டும் கெட்டிக்கச் சில நிமிடங்கள்; மருந்தும் ரவையும் வாங்கக் கையில் காசில்லை. இந்த நிலையில் உள்ள வேட்டைக்காரன் என்ன செய்வான்? வீணாக விசையை அழுத்தமாட்டான். பறவை நிற்கும் வரை காத்திருப்பான். வீட்டு அடுப்புக்கு வேண்டியது கிடைத்தவுடன் திரும்பிவிடுவான். சிக்கனம் என்பது பணப்பெட்டிக்கு மட்டும் உரியதன்று. மருந்துப் பைக்கும் உரியது என்பதை அவ்வுடைந்த துப்பாக்கி அவருக்குக் கற்பித்தது.

பின்னர்ப் பள்ளிச் சிறுவர் படையில் சேர்ந்தபோது, பத்து வயதளவில், பிற்காலத்தில் படைத்தளபதியாக விளங்கிய இராபர்ட்ஸ் பிரபு முதலியோர் முன்னிலையில் அவர் குறிசுட்டுக் காட்டினார். அதன் பயனாக 450 எண் மார்ட்டினித் துப்பாக்கி ஒன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. படைவீரருக்கென ஆன அந்தப் பருத்த ஆயுதத்தைக் கொண்டும் அவர் வீட்டுக்குக் காட்டுக்கோழிகளையே கொணர்ந்தார். அதே துப்பாக்கியால் ஒரு நாள் சிறுத்தை ஒன்றையும் வீழ்த்தினார்.

காடு பேசிய மொழி

சிறு வேட்டையின் உண்மையான ஊதியம் இறைச்சியன்று. கோழியையும் கௌதாரியையும் தேடி ஓசையின்றி நடந்தவர் காதில் காட்டின் பேச்சு விழத் தொடங்கியது. கரிச்சான் ஏன் திடீரென்று கத்துகிறது? முசுக் குரங்கு மர உச்சியில் நின்று இருமுவது யாரைக் கண்டு? புள்ளிமான் ஒருமுறை கூவி நிறுத்துவதற்கும் தொடர்ந்து கூவுவதற்கும் என்ன வேறுபாடு? புலி நடந்தால் எவை குரல் கொடுக்கும், பாம்பு ஊர்ந்தால் எவை குரல் கொடுக்கும்? இவற்றையெல்லாம் அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் படித்தார். கேட்ட குரல் எத்திசையில், எவ்வளவு தொலைவில் எழுந்ததென்று துல்லியமாகச் சொல்லவும், புலி, சிறுத்தை முதலியவற்றின் குரலைத் தாமே எழுப்பி அவற்றை அழைக்கவும் பழகினார்.

பறவைகளை அவர் தமக்கென்று ஒரு முறையில் வகைப்படுத்தினார். காட்டுக்கு அழகு தருவன, இன்னிசை தருவன, விதை பரப்பிக் காட்டைப் புதுப்பிப்பன, ஆபத்தை அறிவிப்பன, இயற்கையின் சமநிலையைக் காப்பன, தூய்மை செய்வன என்று ஆறு வகை. பள்ளிப் புத்தகத்தில் இல்லாத இந்தப் பாகுபாடு, பறவைக்கும் ஓர் அலுவல் உண்டென்று கண்ட மனத்தின் விளைவாகும். நூறு பறவைகளைச் சுட்ட கை, அப்பறவை எதற்காகப் படைக்கப்பட்டதென்றும் எண்ணத் தொடங்கியது. வேட்டையில் பிறந்த அறிவு வேட்டையையே கேள்வி கேட்கும் நாள் வரும் என்பதற்கு இது முதல் அறிகுறி.

மொகாமா காட்

பொறியாளர் ஆக வேண்டும் என்பது ஜிம்மின் அவா. வீட்டில் பொருளில்லை. பதினெட்டு வயதளவில் வேலைக்குச் சென்றார். இரயில் இயந்திரங்களுக்கு விறகு வெட்டி அளிக்கும் பணியின் எரிபொருள் ஆய்வாளர் பதவி பீகாரில் கிடைத்தது. காட்டில் கூடாரத்தில் தங்கி, கூலியாட்களோடு மரம் வெட்டி, அளந்து, வண்டியேற்றிக் கணக்கெழுதும் வேலை. இயந்திரங்கள் விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறியபோது அவ்வேலை முடிந்தது. கணக்கைக் காசு பிசகாமல் கோரக்பூர்த் தலைமையகத்தில் ஒப்படைத்த இளைஞரை மேலதிகாரிகள் மறக்கவில்லை.

அதன்பின் அவருக்குக் கிடைத்தது மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம். இதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இன்றைய இளைஞர்க்காகச் சொல்கிறோம். அக்காலத்தில் அங்கே கங்கைக்குப் பாலம் இல்லை. தென்கரையில் அகல இருப்புப்பாதை. வடகரையில் மீட்டர் இருப்புப்பாதை. ஒரு பாதையில் வந்த ஒவ்வொரு மூட்டையையும் ஒவ்வொரு கூடை நிலக்கரியையும் மனிதர் இறக்கிச் சுமந்து மறு பாதையின் வண்டியில் ஏற்ற வேண்டும். ஆற்றைக் கடக்கப் படகுகள். 1959-ஆம் ஆண்டில் இராஜேந்திரப் பாலம் திறக்கப்படும் வரை இதுவே நிலை. கார்பெட் பொறுப்பேற்றபோது அங்கே மாற்றப்படாத சரக்கு மலைபோல் தேங்கிக் கிடந்தது. அவரும் ஸ்டேஷன் மாஸ்டர் இராம் சரணும் விடியுமுன் தொடங்கி இரவு வரை உழைத்தனர். கார்பெட் கூலியாட்களோடு தாமும் நிலக்கரி வாரினார். தலைமையகத்திலிருந்து பணம் வரத் தாமதமானபோது அவரும் அரைவயிறு உண்டார். ஆட்களும் அவரை விட்டுப் போகவில்லை. நிலக்கரி வேலையின் இலாபத்தில் பெரும்பங்கை அவர்களுக்கே பகிர்ந்தளித்தார்.

அங்கே பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு இருவரும் ஒரு பள்ளி தொடங்கினர். உயர்சாதிப் பிள்ளைகளும் தாழ்ந்தவர் எனப்பட்டோர் பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் அமரலாகாது என்று தடை எழுந்தது. இராம் சரண் குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார். சுவர் இல்லாவிட்டால் அது குடிசை அன்று, கொட்டகை. கொட்டகையில் யாரும் அமரலாம். சண்டையின்றி, முழக்கமின்றி ஒரு பெருந்தடை நீங்கியது. ஓசைப்படாமல் காரியம் முடிக்கும் கலை காட்டில் மட்டும் பயன்படுவதன்று போலும்!

ஆட்கொல்லிகளும் சிறு துப்பாக்கியும்

மொகாமாவில் வேலை, விடுமுறையில் குமாயுன். 1907-ஆம் ஆண்டில் சம்பாவத் வட்டாரத்தை ஒரு பெண்புலி நடுங்க வைத்தது. நேபாளத்தில் 200 பேர், குமாயுனில் 236 பேர், ஆக 436 உயிர்கள் அதற்கு இரையானதாகக் கணக்கு. கார்பெட் இரண்டு நிபந்தனைகளோடு சென்றார். அறிவித்திருந்த பரிசுத் தொகைகளை நீக்க வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காகச் சுடுபவர் என்ற பெயரும் வேண்டாம். பலர் துப்பாக்கிகளுக்கிடையே சிக்கவும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். அப்புலியை வீழ்த்தியமைக்காக மாகாணத் துணை ஆளுநர் ஹியூவெட் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். இலண்டனைச் சேர்ந்த இரிக்பி நிறுவனத்தார் செய்த 275 எண் துப்பாக்கி அது.

இத்துப்பாக்கியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். யானை, புலி வேட்டைக்கு அந்நாளில் 450, 500 எண்களுள்ள பருங்குழல் துப்பாக்கிகளையே பலரும் நாடினர். 500 என்றால் குழலின் அகலம் அரை அங்குலம். கனம் மிகுதி, தோளை இடிக்கும், காடே அதிர முழங்கும். 275 எண்ணுடையதோ ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர்க் குழல். இலேசானது; உதைப்பு குறைவு; முழக்கமும் குறைவு. பெருவிலங்குக்கு இது போதாது என்று கருதியோர் உண்டு. சிறு குண்டு சரியான இடத்தில் பட்டால் போதும். சரியான இடத்தில் படாத பெருங்குண்டு விலங்கைத் துன்புறுத்தவே செய்யும் என்பதை உடைந்த துப்பாக்கியிடம் பாடம் கேட்டவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்? 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில் உருத்திரப்பிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை இரவில் வீழ்த்தியதும் இத்துப்பாக்கியே.

இதனினும் வியப்பானது 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் நடந்தது. சௌகட் பகுதியில் 64 பேரைக் கொன்ற பெண்புலியைத் தேடிக் கார்பெட் ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். காலில் மெல்லிய இரப்பர் அடி கொண்ட காலணி. வழியில் பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டைக் கண்டார். வழக்கத்துக்கு மாறான வடிவுள்ளவை. முட்டை சேகரிக்கும் சிறுவயது ஆசை எழுந்தது. அவற்றை எடுத்து இடக்கையில் ஏந்தியவாறு, வலக்கையில் இரிக்பி துப்பாக்கியோடு நடந்தார். பெரும் பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பிப் பார்த்தால், எட்டடித் தொலைவில் அந்தப் புலி பாயும் நிலையில் படுத்து அவர் முகத்தையே நோக்கிக்கொண்டிருக்கிறது!

துப்பாக்கியின் வாய் வேறு திசையில் இருந்தது. படக்கென்று திருப்பியிருந்தால் புலி பாய்ந்திருக்கும். இடக்கையில் முட்டைகள் இருந்தமையால் அவரால் அவ்வாறு திருப்ப இயலவில்லை. ஒற்றைக் கையால், புலியின் கண் அறியாத அளவு மெல்ல மெல்லத் துப்பாக்கியை நகர்த்தினார். கனத்த துப்பாக்கியாயின் ஒரு கை தாங்கியிராது. கடைசியில் குழல் புலியை நேர் நோக்கியது, விசையை அழுத்தினார். புலி அங்கேயே சாய்ந்தது. தம்மைக் காத்தவை கையிலிருந்த முட்டைகளும், இலேசான துப்பாக்கியும், எதிரே இருந்தது அஞ்சி ஓடாத ஆட்கொல்லியாக இருந்ததுமே என்று அவர் பின்னர் எழுதினார். தம் குறியைப் பற்றி ஒரு சொல் பெருமை பேசவில்லை.

அதன்பின் அவர் செய்த செயலையே நாம் எண்ணி எண்ணி மகிழ்கிறோம். ஊருக்குச் செய்தி சொல்லப் புறப்படுமுன், முட்டைகளைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தார். சிறிது நேரத்தில் அவ்வழியே மீண்டபோது தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்ந்திருந்தது. தரையின் நிறத்தோடு அதன் நிறம் ஒன்றியிருந்ததால் அவர் கண்ணுக்கே அது எளிதில் புலப்படவில்லையாம்.

துப்பாக்கி இறங்கிய வரலாறு

கார்பெட்டைக் குறையே இல்லாதவராகக் காட்ட நாம் விரும்பவில்லை. அதே 1930-இல், மனிதர் எவர்க்கும் தீங்கு செய்யாத பெரும் ஆண்புலி ஒன்றை, அதன் பருமனுக்காகவே பலரும் நாடிய போவல்கட் புலியை, அவர் சுட்டார். வைசிராய் லின்லித்கோ பிரபுவுக்காகக் காலாதுங்கிக் காட்டில் வேட்டை ஏற்பாடும் செய்தார். பறவைகளைத் தம் வாழ்நாளில் எத்தனை வீழ்த்தினார் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு பழக்கம் ஒரே நாளில் மனிதனை விட்டு நீங்குவதில்லை. மனமும் கையும் ஒரே வேகத்தில் திருந்துவதில்லை.

ஆனால் மனம் திருந்திக்கொண்டிருந்தது. படை அதிகாரிகள் சிலரை அவர் நீர்ப்பறவை வேட்டைக்கு அழைத்துச் சென்றதாகவும், அவர்கள் ஒரே வேளையில் முந்நூறுக்கு மேற்பட்ட பறவைகளைச் சுட்டுக் குவித்ததைக் கண்டு அவர் உள்ளம் நொந்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் சொல்வர். அடுப்புக்கு ஒரு கோழி என்று பழகியவருக்கு, உண்ணவும் இயலாத குவியல் எப்படி இனிக்கும்? சிறு வேட்டை என்பது விலங்கு சிறிது என்பதால் மட்டும் சிறிதன்று. ஆசை சிறிதாக இருக்கும் வரையில்தான் அது சிறு வேட்டை. ஆசை பெருத்தால் வாத்தைச் சுடுவதும் படுகொலையே.

வனத்துறை அதிகாரி சாம்பியன் என்பவர் இரவில் எடுத்த புலிப் படங்களைக் கண்டது முதல் கார்பெட்டின் கை ஒளிப்படக் கருவியை நாடியது. படம் எடுக்கச் செலவு குறைவு; மகிழ்ச்சி மிகுதி; தோலோ தலையோ சுட்டவன் வீட்டுச் சுவரை மட்டும் அணி செய்யும், படத்தையோ எல்லாரும் கண்டு களிக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. ஆயினும் ஓர் இடர் வந்தது. திரைப்படக் கருவி சுழலும் சிற்றொலியையும் புலியின் காது கண்டுபிடித்துவிட்டது. இங்கேயும் பழைய பாடமே உதவிற்று. வீட்டருகே காட்டோடை ஒன்றில் சிறு அணை கட்டி, நீர் விழும் ஓசையில் கருவியின் ஓசை மறையச் செய்தார். பல மாதம் பொறுமையாக முயன்று ஏழு புலிகளை ஒரே சுருளில் பிடித்தார். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. உண்டிகோலில் தொடங்கிய ஓசையற்ற வேட்டை இவ்வாறு தன் நிறைவை அடைந்தது.

1936-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆளுநர் மால்கம் ஹெய்லியின் பெயரால் இராமகங்கைப் பள்ளத்தாக்கில் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. அதன் எல்லைகளை வகுப்பதில் கார்பெட்டின் அறிவுரை பயன்பட்டது. காடுகளைக் காக்க வேண்டும் என்று பள்ளிச் சிறுவர்களிடமும் ஊர்ப் பெரியோரிடமும் அவர் பேசி வந்தார்.

இறுதி நாள்

முதல் உலகப் போரில் குமாயுன் மலைமக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாம் போரில், அறுபத்தைந்து கடந்த வயதில், படைவீரருக்குக் காட்டில் பிழைக்கும் வகை கற்பித்தார். காலாதுங்கியருகே சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரை வாங்கிக் குடியானவரைக் குடியமர்த்தி, பன்றியும் மானும் பயிரை அழிக்காதபடி கல்மதில் எழுப்பித் தந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, தமக்கை மேகியே துணை. 1944-இல் வெளிவந்த அவருடைய முதற்பெரும் நூல் உலகெங்கும் பரவியது. அதைத் தி. ஜ. ர. அவர்கள் குமாயுன் புலிகள் என்று இனிய தமிழில் தந்திருக்கிறார். நம் வீடுகளில் இருக்க வேண்டிய நூல் அது.

1947-ஆம் ஆண்டு இறுதியில் தமக்கையும் தம்பியும் இந்தியாவை விட்டுக் கென்யா நாட்டு நியேரிக்குச் சென்றனர். பிறந்த மண்ணைப் பிரிந்து, வேற்று நாட்டில் இருந்துகொண்டு, தம் சிறுவயதுக் காட்டை நினைந்து நினைந்து நூல்கள் எழுதினார். பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு அந்த ஏக்கம் எத்தகையதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நியேரியிலேயே உயிர் நீத்தார். அவர் மறைந்தபின் இராமகங்கைப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-ஆம் ஆண்டில் புலிப் பாதுகாப்புத் திட்டம் அப்பூங்காவிலேயே தொடங்கப்பட்டது. இந்தோசீனப் புலி வகைக்கும் அறிவியலார் 1968-இல் அவர் பெயரை இட்டனர். காலாதுங்கி வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை குற்றமாகிவிட்டது. காட்டுக்கோழியும் கௌதாரியும்கூட அச்சட்டத்தின் காப்பில் உள்ளன. ஆகவே கார்பெட்டின் துப்பாக்கி நமக்கு வேண்டாம். அவர் கால் வைத்த விதம் வேண்டும். அவர் காது கேட்ட விதம் வேண்டும். எடுத்த முட்டையை எடுத்த இடத்தில் வைத்த மனம் வேண்டும். நம் காலனி வேப்பமரங்களிலும் குருவிகள் கூடு கட்டுகின்றன. அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகள் ஒரு நாழிகை ஓசையின்றி அம்மரத்தடியில் அமர்ந்து, எந்தப் பறவை எதற்காகக் குரல் கொடுக்கிறதென்று உற்றுக் கேட்கட்டும். செலவில்லாத வேட்டை அது. உயிர்க்கொலை இல்லாத வேட்டை. இரயில்வேயில் உழைத்துக் காட்டைக் காத்த அப்பெரியாருக்கு நம் சங்கக் குடும்பங்கள் செய்யத்தக்க மரியாதையும் அதுவே.